பில்லில் பிபிஇ கிட் என்று ஒரு வரி

கோவிட் வார்டில் வேலை பார்த்த மாதங்களில் ஒரு நாள், ஒரு நோயாளியின் மகன் பில்லோடு என்னிடம் வந்தார். மருந்து, ஆக்சிஜன், ஸ்கேன் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிபிஇ கிட், அதாவது தொற்றாமல் இருக்க நாங்கள் போடும் பாதுகாப்பு உடைத் தொகுப்பு, அந்த வரியில் இருந்த எண்ணிக்கையை மட்டும் விரலால் தொட்டுக் காட்டி, "டாக்டர், அப்பாவை ஒரு நாளைக்கு இத்தனை பேரா வந்து பார்த்தாங்க?" என்றார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஆறு மணி நேரம் அந்த உடைக்குள் இருந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

எண்ணிக்கை ஏன் ஏறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐசியுவில் ஒருவரின் படுக்கைக்குப் பக்கத்தில் டாக்டரும் நர்சும் மட்டும் வருவதில்லை. எக்ஸ்ரே எடுப்பவர், பிசியோதெரபிஸ்ட், தரை துடைப்பவர், சாப்பாடு கொண்டுவருபவர், கழிவுப் பையை எடுத்துப் போகிறவர் என்று எல்லோரும் வரவேண்டும், எல்லோருக்கும் அதே வைரஸ்தான். உடையைப் போட்டுக்கொண்டால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. இடையில் வெளியே வந்து கழற்றினால் அந்த கிட் அதோடு சரி, திரும்ப உள்ளே போக இன்னொன்று வேண்டும். ஒரு கிட் வீணாகக் கூடாது என்று மாதவிடாய் நாட்களிலும் ஷிப்ட் முழுக்க வெளியே வராமல் இருந்த நர்சுகளோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

விலையும் சேர்ந்து ஏறியது. சர்ஜிக்கல் மாஸ்க் ஆறு மடங்கு, நுண்துகள்களை வடிகட்டும் என்-95 மாஸ்க் மூன்று மடங்கு, கவுன் இரண்டு மடங்கு ஆகிவிட்டதாக 2020 மார்ச் தொடக்கத்திலேயே உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மாதத்துக்கு 8.9 கோடி மாஸ்க் தேவைப்படும், உற்பத்தியை 40 சதவீதம் கூட்டவேண்டும் என்றது. மாஸ்க்கைத் தைப்பது பெரிய வேலையில்லை. உள்ளே இருக்கும் வடிகட்டும் அடுக்குதான் சிக்கல். பிளாஸ்டிக்கை உருக்கி, முடியைவிட மெல்லிய இழைகளாக ஊதி, அதற்கு நிலைமின்னூட்டம் ஏற்றவேண்டும். நுண்துகள்களை இழுத்துப் பிடிப்பதில் அந்த மின்னூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த இயந்திரங்களை ஒரே வாரத்தில் நிறுவிவிட முடியாது. சோப்பு போட்டோ ஆல்கஹால் தெளித்தோ மாஸ்க்கைச் சுத்தம் செய்தால் மின்னூட்டம் போய்விடும். மாஸ்க் பார்க்க அப்படியேதான் இருக்கும், பாதுகாப்பு குறைந்திருக்கும். சிக்கனம் என்று நினைத்து இதைச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

சரி, மகனோடு போட்ட கணக்குக்கு வருகிறேன். எல்லோருக்கும் கோவிட் உறுதியான வார்டில் நர்ஸ் ஒவ்வொரு படுக்கைக்கும் கவுனையும் என்-95ஐயும் பாதுகாப்புக் கண்ணாடியையும் மாற்றத் தேவையில்லை. கவுன் நனைந்தாலோ அழுக்கானாலோ, நோயாளிக்குத் தொற்றக்கூடிய வேறு கிருமி இருந்தாலோ மாற்றவேண்டும். கையுறையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கையைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும். அப்படியானால் ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸ் போட்ட ஒரே உடை, அவர் பார்த்த எட்டுப் பேருக்கும் பொது. அந்தச் செலவை எட்டாகப் பிரிப்பதுதான் முறை. எட்டுப் பில்லிலும் ஒரு முழு கிட் ஏறினால், போடாத ஏழு உடைக்குப் பணம் வாங்கியதாகிறது. அவர் அப்பாவின் பில்லில் அதுதான் நடந்திருந்தது. வேண்டுமென்றே செய்தார்களா, கணினியில் படுக்கைக்கு ஒன்று என்று பதிந்துவிட்டதா, எதுவாக இருந்தாலும் குடும்பத்துக்கு நஷ்டம் ஒன்றுதான்.

இன்னொன்று, தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடையைப் பார்த்தால் நமக்கே தைரியம் வருகிறது. ஆனால் கோவிட் நோயாளிகளின் வழக்கமான பராமரிப்புக்கு அந்த முழு உடையும் பூட்ஸும் தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொன்னது. கவுன், கையுறை, மாஸ்க், கண்பாதுகாப்பு போதும். மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது போன்ற வேலைகளுக்கு என்-95 கட்டாயம். முழு உடையைக் கழற்றுவது கஷ்டம், கழற்றும்போது கையில் கிருமி ஒட்ட வாய்ப்பும் அதிகம். அதற்குப் போகும் பணத்தில் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் என்-95 வாங்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் உடையையே குறைத்துவிடக் கூடாது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 சுகாதாரப் பணியாளர்கள் கோவிடால் இறந்திருக்கலாம் என்று அதே நிறுவனம் மதிப்பிட்டது. ஊழியரின் பாதுகாப்பு மருத்துவமனையின் பொறுப்பு, நோயாளியின் கடன் அல்ல என்பது என் கருத்து. பில்லில் சேர்த்தே ஆகவேண்டும் என்றால், "ஷிப்டுக்கு எத்தனை கிட் போனது, எத்தனை படுக்கைக்குப் பிரித்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மறுநாள் உடை மாற்றும் அறையின் கதவருகே ஒரு நோட்டு வைத்தோம். யார், எத்தனை மணிக்கு, எந்தெந்தப் படுக்கைகளுக்கு என்று மூன்று கட்டம். அவர் அப்பாவின் பில்லைத் திருத்திக் கொடுக்க நான்கு நாள் ஆனது.