இலைகள் பழுக்கும்போதும் ஃபீடர் தொங்கட்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், காட்டுயிர் மீட்பு மையம் ஒன்றில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, ஆகஸ்ட் மாத இறுதியில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி தொலைபேசியில் வரும்: “தோட்டத்து ஃபீடரைக் கழற்றிவிடலாமா? அது இருந்தால் ரீங்காரச்சிட்டு குளிர்காலத்துக்குத் தெற்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுமாமே?” ஹம்மிங்பேர்ட் எனப்படும் ரீங்காரச்சிட்டுக்காகச் சர்க்கரைநீர் ஊற்றித் தொங்கவிடும் குடுவைதான் ஃபீடர். அக்கறையில் பிறக்கும் கேள்விதான். ஆனால் இந்த நம்பிக்கையால் பலர் குடுவையைக் கழற்றிவிடும் அந்த வாரங்களில்தான் ரீங்காரச்சிட்டுக்கு உணவு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

கிழக்கு அமெரிக்காவில் கூடு கட்டுவது செந்தொண்டை ரீங்காரச்சிட்டு. சுமார் 3 கிராம் எடையுள்ள இப்பறவை, பகல்பொழுது குறுகுவதை உடலால் உணர்ந்தே புறப்படுகிறது. நாம் தொங்கவிடும் சர்க்கரைநீர் அதைத் தடுப்பதில்லை. வழிநெடுகக் கொழுப்பைச் சேர்த்து, எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்ளும் பறவைகளில் பல, மெக்சிகோ வளைகுடாவின் மேல் சுமார் 800 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் கடக்கின்றன.

சிவந்த தொண்டையுள்ள ஆண் காணாமல் போனதும் பூனை பிடித்துவிட்டதோ என்று பதறுகிறவர்கள் உண்டு. முதிர்ந்த ஆண்கள் முதலில் கிளம்பிவிடுவது இயல்பு. செப்டம்பரில் நம் தோட்டத்தில் எஞ்சியிருப்பவை பெண்களும் அவ்வாண்டில் பிறந்த இளம்பறவைகளுமே. வழிகாட்டத் தாய் உடன் வராமல், அறியாத தொலைவுக்குத் தனியே பறக்கப்போகும் அந்த இளம்பறவைகளை நினைத்தாவது குடுவையைச் சுத்தமாக வைத்திருங்கள்.

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர், வேறெதுவும் வேண்டாம். நம் தமிழ்க் குடும்பங்களில் சிலர் நல்லது என்று எண்ணி வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ கரைத்து ஊற்றுகிறார்கள். அவற்றிலுள்ள இரும்புச்சத்து இச்சிறு உடலுக்கு ஒவ்வாது. நீரில் கரைத்த தேன் விரைவில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் தேவையில்லை, குடுவையின் சிவப்பே போதும். வெயில் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும், குளிர்ந்தபின் நான்கைந்து நாளுக்கு ஒருமுறையும் நீரை மாற்றி, குடுவையை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். இடமிருந்தால், காசித்தும்பைக்கு உறவான ஜுவல்வீட் செடியை ஓரமாக வளரவிடுங்கள். இப்பறவைகள் புறப்படும் பருவத்தில்தான் அதுவும் பூத்துக் குலுங்கும். புரதத்துக்குச் சிறுபூச்சிகளையும் சிலந்திகளையும் இவை உண்பதால், பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம்.

சென்ற செப்டம்பர் இறுதியில், குளிர்ந்த ஒரு காலையில், குடுவையில் தலைகீழாகத் தொங்கிய சிட்டு இறந்துவிட்டதென்று எண்ணிய ஒரு பெண்மணி, அதைச் செருப்புப் பெட்டியில் வைத்துக் கண்ணீருடன் கொண்டுவந்தார். அது இறக்கவில்லை. பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கும் இதயத்தை ஐம்பது அளவுக்குத் தாழ்த்தி, உடல் வெப்பத்தையும் குறைத்து, இரவைக் கழிக்கும் ஆழ்ந்த உறக்கநிலை அது. மையத்தின் கதகதப்பில் அரைமணி நேரத்துக்குள் பெட்டிக்குள்ளிருந்து ரீங்காரம் கேட்டது. அப்படித் தொங்குவதைக் கண்டால் தொடாமல் வெயில் ஏறும்வரை காத்திருங்கள். கண்ணாடியில் மோதி விழுந்திருந்தால் மட்டும், காற்றுத்துளையிட்ட பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் எதையும் புகட்டாமல் உரிமம் பெற்ற மீட்பாளரிடம் சேர்த்துவிடுங்கள். 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி, உரிமமின்றி இதை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம்.

கடைசிச் சிட்டைப் பார்த்தபின்னும் இரண்டு வாரம் குடுவை தொங்கட்டும். வடக்கிலிருந்து தாமதமாக வருபவை உண்டு. அக்டோபர், நவம்பரில் மேற்குப் பகுதியின் செம்பழுப்பு ரீங்காரச்சிட்டும் எப்போதேனும் வழிமாறி இப்பக்கம் வருவதுண்டு.