குதிகால் எலும்பு ஆபரேஷன்ல தோலைப் பாத்து ஏன் பயப்படறாங்க?

உயரத்துல இருந்து விழறவங்க குதிகால் தரையில மோதுச்சுன்னா, உடம்பு வெயிட் மொத்தமும் கணுக்கால்ல இருக்கற டேலஸ் எலும்பு வழியா வந்து, கீழ இருக்கற குதிகால் எலும்புக்குள்ள ஆப்பு அடிச்ச மாதிரி இறங்கும். அந்த எலும்பு வெளிய மெல்லிசா ஒரு ஓடு, உள்ள ஸ்பாஞ்ச், அவ்ளோதான். அதனால ரெண்டா உடையாம நசுங்கி, உயரம் கொறஞ்சு, பக்கவாட்டுல பிதுங்கிடும். நாலு கேஸ்ல மூணுல விரிசல் ஜாயிண்ட்டுக்குள்ளயே போயிடும். எலும்பு எவ்ளோ நசுங்கியிருக்குன்னு காட்டற போலர் ஆங்கிள்னு ஒரு கோணத்தை எக்ஸ்ரேல அளப்பாங்க, நார்மலா 20ல இருந்து 40 டிகிரி, மோசமா நசுங்கினா ஜீரோவுக்கும் கீழ போகும்.

சரி, தொறந்து சரி பண்ணிடலாம்ல? அங்கதான் சிக்கல். குதிகாலோட வெளிப்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல சதைன்னு பெருசா எதுவும் கெடையாது.

ரொம்ப வருஷமா பண்ணிட்டு வந்தது எல் ஷேப் வெட்டு. கணுக்காலுக்குப் பின்னாடி மேலருந்து கீழ இறங்கி, பாதத்தோட ஓரத்துல திரும்பி முன்னாடி போகும், எலும்பை ஒட்டியே தோலை முழுசா ஒரு மடலா தூக்கிடுவாங்க. உடைஞ்சது அத்தனையும் கண்ணு முன்னாடி தெரியும், பெரிய பிளேட் வைக்கலாம், சர்ஜனுக்கு சொகுசு. ஆனா அந்த எல்லோட மூலைக்கு ரத்தம் பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன தமனி வழியாதான் வருது, அது அடிபட்டா மூலை கறுத்து, தையல் பிரிஞ்சு, இன்ஃபெக்‌ஷன் பிளேட் வரைக்கும் போயிடும். அதனாலதான் வீக்கம் வத்தி தோல்ல சுருக்கம் விழற வரைக்கும் ஒரு வாரம், ரெண்டு வாரம்னு காத்திருப்பாங்க. (ஆபரேஷன் ஏன் லேட்டு பண்றாங்கன்னு சொந்தக்காரங்க டென்ஷன் ஆகறது இதுக்குத்தான்.)

இன்னொண்ணு சைனஸ் டார்சி (டேலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவுல வெளிப்பக்கமா இருக்கற குழி) வெட்டு, வெளிக்கணுக்கால் நுனிக்குக் கீழருந்து நாலாவது விரல் பக்கமா மூணுலருந்து அஞ்சு சென்டிமீட்டர்தான். முக்கியமான ஜாயிண்ட் பரப்பு நேரா தெரியும், ஆனா பின்பக்கத் துண்டு தெரியாது, அதுல ஒரு தடியான பின்னைக் குத்தி கீழ இழுத்து, எக்ஸ்ரே ஸ்க்ரீனைப் பாத்துதான் உயரத்தை மீட்கணும், ஸ்க்ரூவை உள்பக்கம் அவ்வளவா நகராம நிக்கற கெட்டித் துண்டுல போய் பிடிக்க வைப்பாங்க. ரெண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள்ல சின்ன வெட்டுல புண் பிரச்சனை நல்லாவே கம்மி, கால் வேலை செய்யறது கிட்டத்தட்ட சமம். ஒரே கண்டிஷன், ரொம்ப நாள் தள்ளக்கூடாது, துண்டுங்க ஒட்ட ஆரம்பிச்சுட்டா இவ்ளோ சின்ன ஓட்டை வழியா பிரிக்கறது பெரும்பாடு.

நாக்கு மாதிரி பின்பக்கமா நீளமா ஒரே துண்டா பெயர்ந்தா வெட்டே வேண்டாம், தோல் வழியா பின் குத்தி நெம்பி சேத்துடலாம், எசெக்ஸ் லொப்ரெஸ்டிங்கற சர்ஜனோட 1952ல வெளியான கட்டுரையிலயே இருக்கற வழி. ஆனா அந்தத் துண்டை குதிகால் நரம்புன்னு நாம சொல்ற அக்கிலீஸ் தசைநாண் மேல இழுத்து, எலும்பு உள்ளருந்தே தோலை அழுத்த ஆரம்பிச்சா காத்திருக்கறதுக்கே இடமில்ல, உடனே பண்ணியாகணும், லேட்டானா தோல் செத்துடும்.

2014ல பிரிட்டன்ல 151 பேர வச்சு வெளிவந்த ஆய்வுல, ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் பண்ணாதவங்களுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு வலியிலயோ நடையிலயோ பெரிய வித்தியாசம் இல்ல, பண்ணவங்களுக்கு சிக்கல்தான் ஜாஸ்தி. இத வச்சு ஆபரேஷனே வேஸ்ட்டுன்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன், அதுல பண்ணது பெரிய வெட்டு, ரொம்ப கோணலாப் போன கேஸ்களை சேக்கவே இல்ல. ஆனா சிகரெட் பிடிக்கறவங்க, சுகர் கன்ட்ரோல்ல இல்லாதவங்கன்னா எல் வெட்டுக்கு சர்ஜன் தயங்கறது நியாயம்தான், ரெண்டுமே அந்த மூலைக்குப் போற ரத்தத்தைக் கொறைக்கும்.