ஆக்சிசனேற்ற நெருக்கடி: ஒரு சொல் விளக்கம்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வரும் பாட்டி ஒருவர், ரூயிபோஸ் தேயிலைப் பெட்டியோடு வந்து, "இது ஆக்சிசனேற்ற அழுத்தத்தைக் குறைக்கும் என்கிறார்களே, குடித்தால் பிரஷர் இறங்குமா, வாத்தியார்?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதற்குச் சொல்லே காரணம். இரத்த அழுத்தமும் மன அழுத்தமும் நாவில் பழகிவிட்ட பிறகு, மூன்றாவதாக வரும் அழுத்தத்தையும் அவற்றோடு சேர்த்தே எவரும் புரிந்துகொள்வர்.

'ஆக்சிசனேற்ற அழுத்தம்' என்று மொழிபெயர்க்கப்படும் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்ற தொடருக்கு 1985இல் வரையறை தந்தவர் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ். உயிரணுவில் ஆக்சிசனேற்றும் பொருள்களும் அவற்றை அடக்கும் பொருள்களும் கொண்டுள்ள சமநிலை குலைந்து, முன்னவற்றின் கை ஓங்கிய நிலையையே அவர் குறித்தார். 'ஸ்ட்ரெஸ்' என்பதன் இலத்தீன் வேர் இறுக்குதலைச் சுட்டுவது. ஆகவே 'நெருக்கடி' என்பதே பொருளுக்கும் வேருக்கும் ஒருசேரப் பொருந்துகிறது என்பது என் துணிபு. 'ஆக்சிசன்' என்பது பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே கிரேக்கத்திலிருந்து ஆக்கிய பெயர். புளிப்பை ஈனுவது என்று பொருள். அமிலங்கள் அனைத்திலும் அது உண்டு என்று அவர் கருதியது பிழையென்று பின்னர் தெரிந்தும் பெயர் நிலைத்துவிட்டது. ஆக்சிசனுக்கு நாம் வழங்கும் 'உயிர்வளி'யில் அந்தப் பிழை இல்லை. ஆனால் எலெக்ட்ரானை இழப்பது எதுவாயினும், அங்கே ஆக்சிசன் இல்லாவிடினும், அதை ஆக்சிசனேற்றம் என்றே இன்றைய வேதியியல் அழைப்பதால், பழகிய இச்சொல்லை மாற்ற நான் முனையவில்லை.

இந்நெருக்கடி மரபணுவை எப்படித் தொடுகிறது என்பதை ஓர் எழுத்துப் பிழையைப் போலவே காட்டலாம். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான குவானின், வழக்கமாக மற்றோர் எழுத்தான சைட்டோசினோடு இணை சேரும். ஆக்சிசனேற்றம் அடைந்து 8-ஆக்சோகுவானின் ஆகிவிட்டால் வேறோர் எழுத்தான அடினினோடும் சேரக்கூடும். உயிரணுவின் செப்பனிடும் நொதிகள் அதை நீக்கத் தவறினால், உயிரணு பிரியும்போது அந்தத் தவறான எழுத்தே படியெடுக்கப்பட்டு நிலையான மாற்றமாகிவிடும். டிஎன்ஏ இழைகளே அறுந்திருந்தால், அவற்றை மின்புலத்தில் ஓடவிட்டுச் சாயமேற்றிப் பார்க்கையில் துண்டுகள் வால்போல் நீளும். அதனால் அந்தச் சோதனைக்கு வால்மீன் சோதனை என்று பெயர்.

ஆக்சிசனேற்றத்தை அடக்கும் பொருளைக் குறிக்கும் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்பதை 'எதிர்ப்பொருள்' என்று சுருக்குவோரும் உண்டு. அது கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கும் 'ஆன்டிபாடி'க்கு வழங்கும் சொல்லாதலால் குழப்பமே மிஞ்சும். 'எதிர் ஆக்சிசனேற்றி' பிழையற்றதுதான். ஆயினும் 'ஆக்சிசனேற்றத் தணிப்பி' என்பதையே நான் விரும்புகிறேன். இப்பொருள்கள் எவ்விடத்தும் காவலாக நிற்பதில்லை. 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், இத்தணிப்பிகளுள் ஒன்றான பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்ட புகைபிடிப்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. சோதனைக்குழாயில் கண்ட ஆற்றலை அப்படியே உடலுக்கு ஏற்றிச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பாட்டியின் பெட்டியிலிருந்த ரூயிபோஸே நல்ல எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்காவில், மேற்குக் கேப்பின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் அச்செடியை அறுத்து, நசுக்கி, நீர் தெளித்துக் குவித்து வைத்தால், பச்சை நிறம் மாறிச் செம்பழுப்பாகி இனிய மணம் எழும். அந்தச் சிவப்பே ஆக்சிசனேற்றத்தின் விளைவு. அதற்குள் அஸ்பலத்தின் என்னும் தணிப்பியின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. குவித்து வைக்காமல் உலர்த்திய பச்சை ரூயிபோஸில் அது கூடுதலாக எஞ்சும்.

இவ்வளவையும் சொன்னபின், தேநீரைத் தாராளமாகக் குடிக்கலாம், மருத்துவர் கொடுத்த பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டேன்.