ராட்டினமும் மூலையில் கிடக்கும் வணிகமும்

முதலீட்டு ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களில் பலர், ஒரு பங்கின் விலை எத்தனை மாதத்தில் எத்தனை மடங்கு ஏறியது என்பதை விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அந்த நிறுவனம் எதை விற்றுச் சம்பாதிக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அப்போது நான் அவர்களுக்குக் காட்டுவது, சவுத் சீ கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் வீழ்ச்சியைப் பற்றி ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1721-இல் லண்டனில் செதுக்கிய அச்சுப்படம்.

நடுவில் ஒரு குடைராட்டினம். உச்சியில் ஓர் ஆடு. அதனருகே 'யார் ஏறுகிறீர்கள்?' என்ற அறிவிப்பு. பாதிரியாரும் விலைமகளும் செருப்புத் துடைப்பவனும் பிரபுவும் ஒன்றாகச் சுற்றுகிறார்கள். இடப்பக்கம், கண் கட்டப்பட்ட அதிர்ஷ்ட தேவதையின் உடலைச் சாத்தான் வெட்டி வெட்டி வீச, கீழே கூட்டம் முண்டியடிக்கிறது. நேர்மை என்ற உருவத்தைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறிக்கிறது சுயநலம் என்ற உருவம். வலது மூலையில் தரையில் துவண்டு கிடக்கும் ஓர் உருவத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் வணிகம். படத்தில் ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1711-இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு, ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களோடு வணிகம் செய்யும் உரிமை இருந்தது. நடைமுறையில் அது அடிமைகளை விற்கும் கொடிய ஒப்பந்தமும் ஆண்டுக்கு ஒரு சரக்குக் கப்பலும்தான். 1718-இல் ஸ்பெயினோடு போர் மூண்டதும் அதுவும் நின்றது. ஆனாலும் 1720 ஜனவரியில் சுமார் 128 பவுண்டாக இருந்த பங்கு, கோடையில் 1,000 பவுண்டை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் 200-க்கும் கீழே விழுந்தது.

விலையை ஏற்றியது கடன். பங்கின் விலையில் பத்தில் ஒரு பகுதியைக் கட்டினால் போதும், மீதியைத் தவணையில் தரலாம் என்றார்கள். போதாததற்கு, தன் பங்குகளையே ஈடாக வாங்கிக்கொண்டு கம்பெனியே கடனும் கொடுத்தது. அந்தப் பணம் மீண்டும் அதே பங்கை வாங்கத்தான் வந்தது. விலை இறங்கத் தொடங்கியதும் தவணை கட்ட வழியில்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினார்கள்.

நகையை அடகு வைத்தும், பங்குகளையே ஈடாக வைத்துத் தரகு நிறுவனம் தரும் மார்ஜின் கடனிலும் பங்கு வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. விலை கொஞ்சம் சரிந்தாலே கூடுதல் பணம் கேட்டு அழைப்பு வரும். கொடுக்க முடியாவிட்டால், உங்களைக் கேட்காமலே பங்குகளை விற்றுவிடுவார்கள். கடன் வாங்கிப் பங்கில் போடாதீர்கள். சொந்தப் பணமே ஆனாலும், முதலில் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து, தொழிலிலிருந்து உண்மையில் எவ்வளவு ரொக்கம் உள்ளே வந்தது என்று பாருங்கள். புரியாவிட்டால், வாங்குவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து படிக்கலாம்.