பேச்சை விழுங்காத பியானோ

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீபோர்டு வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு வாசித்துப் பழகிய கைகள் ஊருக்கு நாலு உண்டு. ஆனால் அந்தக் கைகள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு திருமண ரிசப்ஷனில் பின்னணியாக பியானோ இசை வாசிக்க உட்கார்ந்தால் பெரும்பாலும் தடுமாறும். காரணம் திறமைக் குறைவு இல்லை. சர்ச்சில் கீபோர்டு முன்னால் போய் ஐந்நூறு பேரின் குரலை இழுத்துச் செல்ல வேண்டும். ரிசப்ஷனில் அது பேச்சுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். இரண்டும் நேரெதிர் வேலைகள். ஒன்றுக்குப் பொருத்தமான வாசிப்பு மற்றதைக் கெடுக்கும். ரிசப்ஷன் பின்னணிக்கு ரொமான்டிக் யுகத்தின், அதாவது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசையின், எளிய பியானோ உருப்படிகளை எப்படித் தேர்ந்து வாசிப்பது என்பதே இங்கே கேள்வி.

பின்னணி என்பதற்காகவே இசை எழுதலாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி. 1917-இல் அதற்கு அவர் வைத்த பெயர் ‘அறைகலன் இசை’. மேசை நாற்காலி மாதிரி அறையில் இருக்க வேண்டும், யாரும் கவனிக்கக் கூடாது என்பது எண்ணம். 1920-இல் பாரிஸில் ஒரு நாடக இடைவேளையில் அதை வாசித்துப் பார்த்தார்கள். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கியது. ‘பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்’ என்று சாட்டி அரங்கைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. கவனிக்கப்படாமல் வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காது எதைக் கவனிக்கிறது? மாற்றத்தை. திடீரென்று உயரும் சத்தம், எதிர்பாராத நிறுத்தம், நன்றாகத் தெரிந்த மெட்டு. இந்த மூன்றும் தலையைத் திருப்ப வைக்கும். பீத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’ பின்னணிக்கு உதவாததற்கு மூன்றாவதே காரணம். முதல் நாலு சுரம் கேட்டதுமே கீபோர்டு கிளாஸ் போகும் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து ஸ்டாண்டைச் சுற்றி நிற்கும். போதாததற்கு, முதல் பக்கம் எளிது என்று நம்பி இறங்கினால் நடுப்பகுதியின் வேகமான ஓட்டம் காலை வாரிவிடும்.

சத்தத்தின் அளவு அடுத்த சிக்கல். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசுபவரின் குரல் சுமார் 60 டெசிபல். சுற்றுச் சத்தம் கூடினால் மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லொம்பார்ட் எடுத்துக்காட்டினார். மண்டபத்தில் இது ஒரு சுழலாகிவிடும். இசை கூட, பேச்சு கூடும். பேச்சு கூடியதால் இசை கேட்கவில்லை என்று மைக் செட்காரர் வால்யூமை ஏற்றுவார். அரை மணி நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கத்திப் பேசும் நிலை வரும். “மக்களே, கொஞ்சம் சத்தத்தக் கொறைக்கியா?” என்று யாராவது பெரியம்மா வந்து கேட்டால், அவர் அந்த அரங்கின் ஒலியியலைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. போனில் டெசிபல் காட்டும் செயலிகள் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஒரே போனில் எடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் ஓரளவு நம்பகமானது. ஸ்பீக்கருக்கு மிக அருகிலுள்ள மேசையில், கூட்டம் பேசிக்கொண்டிருக்கும்போது, இசையோடு 30 விநாடி சராசரியும் இசை நின்றபின் 30 விநாடி சராசரியும் எடுக்க வேண்டும். வித்தியாசம் 3 டெசிபல் என்றால் இசையும் பேச்சும் சம அளவில் மோதுகின்றன. 1 டெசிபலுக்குள் இருந்தால் இசை பேச்சைவிட 6 டெசிபலாவது கீழே இருக்கிறது. அதுதான் வேண்டியது. டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதால், 6 டெசிபல் கீழே இருக்கும் ஒலி மொத்தத்தில் சேர்ப்பது ஏறக்குறைய ஒரே ஒரு டெசிபல்தான்.

எவ்வளவு சத்தம் என்பதோடு எந்த ஸ்தாயியில் சத்தம் என்பதும் முக்கியம். பேச்சைப் புரியவைக்கும் மெய்யெழுத்து ஒலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் இருக்கின்றன. பியானோவில் மெலடி 500 ஹெர்ட்ஸ் பக்கம் நடந்தாலும் அதன் மேற்சுரங்கள், அதாவது ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர் ஒலிகள், அந்தப் பகுதிக்குள் போய் விழும். கீயை எவ்வளவு வலுவாக அடிக்கிறோமோ அந்த அளவுக்கு மேற்சுரங்கள் கூடும். உண்மையான பியானோவில் சுத்தியலின் கம்பளி வேகமாக மோதும்போது இறுகுவதால் இது நடக்கிறது. நல்ல கீபோர்டுகள் அந்தக் குணத்தையும் பதிவு செய்து வைத்திருக்கின்றன. ஆகவே வலுவாக வாசித்து மிக்சரில் குறைப்பதும், மெதுவாக வாசித்து மிக்சரில் கொஞ்சம் கூட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். பளிச்சென்ற ‘பிரைட் பியானோ’ டோன் வேண்டாம்.

பாஸைக் கூட்டினால் இதமாக இருக்கும் என்ற நம்பிக்கை மைக் செட் உலகில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு. தாழ்ந்த ஒலி தன்னைவிட உயர்ந்த ஒலிகளை மறைக்கும் அளவுக்கு, உயர்ந்த ஒலி தாழ்ந்ததை மறைப்பதில்லை. உட்காதின் நத்தைச் சுருளில் எல்லா அதிர்வும் உயர் ஒலிகளுக்கான பகுதியைக் கடந்துதான் தாழ் ஒலிகளின் பகுதிக்குப் போக வேண்டியிருப்பதே காரணம். எனவே மிக்சரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது நல்லது.

இனி மண்டபம். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. எதிரொலி எத்தனை விநாடி தங்கும் என்பதை அமெரிக்க இயற்பியலாளர் சபைனின் சூத்திரத்தால் மதிப்பிடலாம்: அரங்கின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள மண்டபம். கன அளவு 2,250 கன மீட்டர். மொத்தப் பரப்பு 1,230 சதுர மீட்டர், அது உறிஞ்சுவது ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது 37 சதுர மீட்டர். திறந்த கதவு ஜன்னல்கள் 40 சதுர மீட்டர் என்று வைத்தால் கூட்டி 77. எதிரொலி 4.7 விநாடி. 300 பேர் வந்து உட்கார்ந்ததும் ஆளுக்கு அரை சதுர மீட்டர் வீதம் 150 சேரும். அப்போது 1.6 விநாடி.

மதியம் காலி மண்டபத்தில் சவுண்டு செக் செய்து, ‘குழம்புகிறது’ என்று, சுரத்தை நீட்டித்து ஒலிக்கவிடும் சஸ்டெயின் பெடலையே தொடாமல் வாசிக்கத் தீர்மானித்தவருக்கு, மாலையில் கூட்டம் நிறைந்ததும் தன் வாசிப்பு வறண்டு கேட்கும். பெடல் எவ்வளவு வேண்டும் என்ற முடிவைக் கூட்டம் வந்தபிறகுதான் எடுக்க வேண்டும்.

கூட்டம் இருந்தாலும் அந்த 1.6 விநாடி கணக்கில் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒரு கோர்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, ஓயும் முன்பே அடுத்தது அதன்மேல் ஏறும். இரண்டும் இணக்கமானவை என்றால் அழகு. அரைச் சுர வித்தியாசத்தில் நகர்பவை என்றால் கலங்கல். உருப்படி தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. நோட்டேஷனைப் பார்த்ததும் சுரங்கள் குறைவா என்று எண்ணுவதற்கு முன், கோர்டு எத்தனை விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

சாட்டியின் 1888-ஆம் ஆண்டு ‘ஜிம்னோபெடி’ முதல் எண் இதற்கு நல்ல அளவுகோல். மூன்று எண்ணிக்கை கொண்ட ஒரு பாரில் (தாளச் சுற்றில்) ஒரு பாஸ் சுரம், ஒரு கோர்டு, அவ்வளவே. தொடக்கத்தில் ஜி, டி என்ற இரண்டு அடித்தளங்களுக்கு இடையில் ஊஞ்சலாடும். பார் ஒன்றுக்கு இரண்டரை விநாடி கொடுத்தால் எதிரொலி இசைக்கு உதவியாகவே வேலை செய்யும். காலத்தால் இது ரொமான்டிக் யுகத்தின் விளிம்பு. இருந்தாலும் பின்னணிக்கு இதைத் தாண்டி ஒன்றைச் சொல்வது கடினம்.

இதற்கு நேர்மாறு ஷோபனின் ஈ மைனர் ப்ரிலூட் என்ற சிறு உருப்படி, ஓபஸ் (படைப்பு வரிசை) 28 எண் 4. 25 பார்தான், வலது கையில் ஒற்றை மெலடிதான், எளிய உருப்படிப் பட்டியல் எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் இடது கையின் கோர்டுகள் ஒவ்வொரு விரலாக அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்கிக்கொண்டே இருக்கும். எதிரொலிக்கும் மண்டபத்தில் அது சகதி. தவிர, 1849-இல் ஷோபனின் சொந்த இறுதிச் சடங்கில் வாசிக்கப்பட்ட இசை அது. விருந்தினருக்குத் தெரியாது, ஆனால் மணப்பெண்ணின் பியானோ டீச்சருக்குத் தெரியும். அதே தொகுப்பின் எண் 20, சி மைனர், 13 பார்தான் என்றாலும் முழுச் சத்தத்தில் தொடங்குவதால் கூடாது. எண் 7, ஏ மேஜர், 16 பார், மென்மையானது. தாராளமாக வாசிக்கலாம். உச்சத்தில் வரும் ஒரு பெரிய கோர்டை மட்டும் சுரம் சுரமாக உருட்டி வாசித்தால் போதும்.

ஷூமனிடம் கவனம் தேவை. ‘ட்ராய்மெராய்’ மெதுவானது, அழகானது, ஒரே பக்கம். ஆனால் அதில் ஒரே நேரத்தில் நகரும் நான்கு குரல்களும் (சுர வரிசைகளும்) விரல்களை எட்டாத தூரத்துக்கு இழுக்கும். அதே ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ தொகுப்பின் முதல் உருப்படி, ஜி மேஜர், பல மடங்கு எளிது. மெலடிக்கும் பாஸுக்கும் நடுவில் இரு கைகளும் பகிரும் சுரங்கள் மும்மூன்றாக ஒரே சீராக ஓடுவதால் கவனத்தையும் இழுக்காது. 1848-இல் எழுதிய ‘இளையோர் ஆல்பம்’, ஓபஸ் 68, 43 உருப்படிகள் கொண்டது. அதில் ‘மெலடி’ என்ற உருப்படியை எடுக்கலாம், ‘முரட்டுக் குதிரைவீர’னை விட்டுவிடலாம்.

நம் மாவட்டத்துக் கைகளுக்கு என்றே பொருந்தும் ஒரு வகை உண்டு. ஞானப்பாட்டுகளை நான்கு குரலில் வாசித்துப் பழகியவர்களுக்கு, மெண்டல்சனின் ‘சொற்களற்ற பாடல்கள்’ ஓபஸ் 30 எண் 3, ஈ மேஜர், வீட்டுக்கு வந்தது போல இருக்கும். தொடக்கமும் முடிவும் சிறு ஆர்ப்பெஜியோ (கோர்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), நடுவில் முழுக்க கீதம்தான். சைகோவ்ஸ்கியின் 1878-ஆம் ஆண்டு ‘குழந்தைகள் ஆல்பம்’ தரும் ‘காலை ஜெபம்’ இன்னும் எளிது. அதே தொகுப்பின் ‘பழைய பிரெஞ்சுப் பாடல்’, ‘இனிய கனவு’ இரண்டும் நல்ல தேர்வுகள். பிராம்ஸின் ஏ ஃபிளாட் வால்ட்ஸ், ஓபஸ் 39 எண் 15, கடினம் என்று ஒதுக்குபவர்கள், பிராம்ஸே அதை எளிதாக்கி ஏ மேஜரில் எழுதித் தந்திருப்பதைத் தேடி எடுக்கலாம். கிரீக்கின் ‘அரியெட்டா’, ஓபஸ் 12 எண் 1, பார்வைக்கு எளிது. நடுக்குரல் இரு கைகளுக்கும் மாறி மாறிப் போவதால் ஒரு மாதப் பயிற்சி கேட்கும்.

எளிது என்பதற்கு வீட்டில் ஓர் அளவு, மண்டபத்தில் வேறு அளவு. வாசிக்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா குனிந்து காதில் ஏதோ கேட்பார். தலையாட்டிப் பதில் சொல்லும்போதும் இடது கை நிற்கக் கூடாது. மூளை இரண்டு வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும் என்றால் ஒன்று தானாக நடக்க வேண்டும். பியானோ தேர்வில் ஐந்தாம் கிரேடு வாசிப்பவர் மூன்றாம் கிரேடு உருப்படிகளை எடுப்பது இதற்காகத்தான். புர்க்முல்லரின் ஓபஸ் 100 போன்ற பயிற்சிகளை எழுதிய வேகத்தில் முக்கால்வாசிக்கு இறக்கி வாசித்தால் அருமையான பின்னணி கிடைக்கும்.

முட்டத்திலோ கன்னியாகுமரிக் கடலோர ஹோட்டல் மொட்டைமாடியிலோ வாசிப்பதென்றால் கணக்கு தலைகீழ். அங்கே சுவர் இல்லை, எதிரொலி இல்லை. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். அலைச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவியிருப்பதால் சாட்டியின் இடைவெளிகளை அது நிரப்பிவிடும். இசை நின்று நின்று வருவதாகத் தோன்றும். ஓயாமல் நகரும் இடது கை உள்ளவையே அங்கே நிற்கும். மெண்டல்சனின் ஜி மைனர் வெனிஸ் படகுப் பாட்டு, ஓபஸ் 19 எண் 6, அப்படிப்பட்டது. பெரிய ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பதில் சிறிய ஸ்பீக்கர் நாலைப் பரப்பி வைக்கலாம். நோட்டேஷன் தாளுக்கு நாலு கிளிப் கட்டாயம்.

கருவியில் கெடுவது என்ன என்பதையும் பார்க்கலாம். 61 கீ உள்ள கீபோர்டு, நோட்டேஷனில் பாஸ் கோடுகளுக்குக் கீழே இரண்டாவது துணைக்கோட்டில் எழுதும் சி சுரம் வரைதான் போகும். அதற்குக் கீழே சுரம் இருந்தால் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசிக்கலாம். ஆனால் மண்டபத்தில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது, வீட்டிலேயே பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கீயின் அடியிலும் இரண்டு தொடுமுனைகள் உண்டு. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்தே வலுவைக் கருவி கணிக்கிறது. கடலோரத்து உப்புக் காற்றும் இரண்டு பருவமழையின் ஈரமும் தூசியோடு சேர்ந்து அந்த ரப்பர் முனைகளில் படிந்தால் கணிப்பு தவறும். மெதுவாகத் தொட்ட ஒரு கீ மட்டும் முழுச் சத்தத்தில் குரைக்கும். பின்னணி இசையில் இதைவிட மோசமான விபத்து இல்லை. முந்தைய நாளே எல்லாக் கீயையும் மிக மெதுவாகப் பலமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

சஸ்டெயின் பெடலைப் பொருத்திய பிறகே கருவியை ஆன் செய்ய வேண்டும், அப்போது கால் அதன் மேல் இருக்கக் கூடாது. ஆன் ஆகும் கணத்தில் உள்ள நிலையையே ‘அழுத்தாத நிலை’ என்று பல கருவிகள் எடுத்துக்கொள்ளும். மிதித்திருந்தால் பெடல் தலைகீழாக வேலை செய்யும். ஜெனரேட்டருக்கு மாறும் சில விநாடியில் கீபோர்டு அணைந்து எழுந்தால் டச், டிரான்ஸ்போஸ் போன்ற அமைப்புகள் எல்லாம் பழையபடி போய்விடும் என்பதால் ஒரு சின்ன யுபிஎஸ் கொண்டுபோவது நல்லது. மைக் செட்டில் ஒரே ஒரு சேனல்தான் தருவார்கள் என்றால் ஹெட்போன் வழியை விட்டு, ‘எல் - மோனோ’ என்று குறித்த வழியில் மட்டும் எடுக்க வேண்டும். ஸ்டீரியோ பியானோவின் இரு பக்கங்களையும் வயரில் ஒட்டினால் சில அலைகள் ஒன்றையொன்று அழித்து, ஒலி தகரம் போல ஆகும்.

ஒரு மணி நேரத்துக்கு, மறுவாசிப்பும் சேர்த்து உருப்படிக்கு மூன்று நிமிடம் என்றால், 20 உருப்படி வேண்டும். ஜி, டி, ஏ என்று நெருங்கிய உறவுள்ள ஸ்கேல்களாக அடுக்கினால் இடையில் மௌனம் விழாமல் இரண்டு பாரில் கடந்துவிடலாம். ஒவ்வோர் உருப்படியிலும் எட்டு பாருக்கு ஒருமுறை நிறுத்தக்கூடிய இடங்களைச் சிவப்பில் குறித்து வைக்க வேண்டும். கேக் வெட்ட அழைப்பவர் ஷூமன் முடியட்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்.