டர்பன் டிவியில் சோனிக் ஏன் மெதுவாக ஓடியது?

தொண்ணூறுகளின் வீடியோ கேம் பெட்டிகளில் எது மேல், சேகாவின் மெகா டிரைவா, சூப்பர் நின்டெண்டோவா என்று தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாற்பதைத் தாண்டிய அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்கள். இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சேகா கட்சிக்காரர்கள் வேகத்தைச் சொல்வார்கள்: அதன் 68000 செயலி நொடிக்குச் சுமார் 76 லட்சம் முறை துடிக்கும், நின்டெண்டோவினது அதிகபட்சம் 35 லட்சத்துச் சொச்சம். (ஒரு துடிப்பில் இரண்டும் செய்யும் வேலை ஒன்றல்ல, இதை மட்டும் வைத்து வேகத்தை அளக்கக் கூடாது.) எதிர்க்கட்சி நிறத்தைச் சொல்லும்: சூப்பர் நின்டெண்டோ 32,768 வண்ணங்களில் 256ஐ ஒரே நேரத்தில் காட்டும், மெகா டிரைவில் மொத்தமே 512, திரையில் அறுபத்துச் சொச்சம்.

இந்தச் சண்டையில் டிவியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேகாவின் ஓட்டக்கார நாயகன் சோனிக்கின் ஆட்டம் உட்பட, நம் ஊரில் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானித்ததே அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1976இல் இங்கே தொலைக்காட்சி தொடங்கியபோது அதுவும் நொடிக்கு 50 முறை திரையை வரையும் முறையாகவே வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60 முறை. ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்த 60ஐ நம்பி எழுதப்பட்டவை.

திரையின் கடைசி வரியை வரைந்து முடித்து மறுபடி மேலே போகும் சின்ன இடைவெளியில், பட சிப் செயலிக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். அது வந்தால்தான் ஆட்டம் ஓர் அடி நகரும். ஓர் அடிக்கு 6 புள்ளி என்றால், அங்கே நொடிக்கு 360 புள்ளி, இங்கே 300. ஆறில் ஒரு பங்கு வேகம் போயிற்று! அப்புறம், நம் டிவியில் 525க்குப் பதில் 625 வரிகள்; ஆட்டத்தின் படமோ பெரும்பாலும் 224 வரிதான். அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் நசுங்கிய ஆட்கள். சில நிறுவனங்கள் 50க்கு ஏற்பத் திருத்தித் தந்தன. பல அப்படியே விட்டுவிட்டன.

இதுவரை இரண்டுக்கும் ஒரே கதி. இசையில்தான் பிரிகின்றன. மெகா டிரைவ் ஆட்டங்கள் பலவற்றில் அடுத்த சுரத்தை எப்போது வாசிப்பது என்பதையும் அதே திரைச் சமிக்ஞைதான் சொல்லும். ஒலியை உண்டாக்கும் யமஹா சிப் அந்தச் சமிக்ஞையை நம்பி ஓடுவதில்லை, செயலியின் கடிகாரத்தில் ஓடுகிறது. ஆகவே சுருதி கெடாது, காலப்பிரமாணம் மட்டும் இறங்கிவிடும். சூப்பர் நின்டெண்டோவில் ஒலிக்கென்றே சோனி செய்த தனிச் செயலி, 64 கிலோபைட் நினைவகம், சொந்தக் கடிகாரம். திரை எப்படிப் போனாலும் பாட்டு தன் வேகத்திலேயே போகும். எனக்கு அந்த வடிவமைப்பின் மேல் பெரிய மரியாதை.

இரண்டு பெட்டிகளுக்கும் 60ல் ஓடத் தெரியும். உள்ளே சுவிட்ச் பற்றவைத்து, 60ஐ ஏற்கும் டிவியில் போட்டால் போதும். மெகா டிரைவில் முதல் சோனிக்கை ஓடவிட்டு அந்தச் சுவிட்சைத் தட்டினால், ஓட்டமும் பாட்டும் சேர்ந்தே வேகம் பிடிக்கும். சூப்பர் நின்டெண்டோவில் தட்டினால் ஆள் மட்டும் வேகமாக ஓடுவான். பாட்டு முன்பு போலவே போய்க்கொண்டிருக்கும்.