தன்னைத் திட்டிக்கொள்வது திருந்துவது ஆகாது

“தப்பை உணர்ந்துட்டான் டாக்டர், ராத்திரியெல்லாம் தன்னையே திட்டிக்கிறான்” என்று ஒரு தாய் நிம்மதியோடு சொன்னார். இந்த மாதத்தில் இதே நிம்மதியை நான் காண்பது மூன்றாவது முறை. மகனோ ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடரைக் குறிப்பிட்டு, அந்தக் குதிரை தானேதான் என்றார்.

நெட்ஃபிளிக்ஸில் 2014 முதல் 2020 வரை ஆறு பருவங்களாக வந்த அந்தக் கேலிச்சித்திரத் தொடரின் நாயகன் போஜாக், தொண்ணூறுகளில் புகழ்பெற்றுப் பின்னர் குடியில் மூழ்கிய, குதிரை முகம் கொண்ட நடிகன். நான்காம் பருவத்தின் ஆறாம் அத்தியாயம் அவன் மனக்குரலோடு தொடங்குகிறது. எழுந்தது முதல் அந்தக் குரல் அவனை வசைபாடுகிறது. வசையிலிருந்து தப்பக் குடிக்கிறான். குடித்ததற்காக மறுபடியும் வசை. என் அறையில் அன்றாடம் கேட்கும் வாக்குமூலங்களுக்கு இவ்வளவு நெருக்கமாகத் திரையில் நான் வேறெதையும் பார்த்ததில்லை.

ஆனால் பார்ப்பவர்கள் இதைத் தவறாகப் படிக்கிறார்கள். தன்னை வெறுப்பவனுக்கு மனசாட்சி கூர்மையானது, அவன் பாதி திருந்திவிட்டான் என்று நம்புகிறார்கள். இல்லை. ‘நான் செய்தது தவறு’ என்பது குற்ற உணர்வு. அது மன்னிப்புக் கேட்க வைக்கும், கடனைத் திருப்பித் தர வைக்கும். ‘நானே தவறு’ என்பது தன்வெறுப்பு. பிறவியிலேயே கெட்டவன் என்று முடிவுகட்டியவனுக்கு மாறுவதற்கு என்ன காரணம் இருக்கிறது? மூன்றாம் பருவத்தில் போஜாக்கின் நண்பன் டாட் இதைத்தான் உடைத்துப் பேசுகிறான்: கேடு செய்துவிட்டு வருந்தினால் கணக்குத் தீர்ந்துவிடாது, நீ மாறத்தான் வேண்டும். டாட் மருத்துவன் அல்லன். இருந்தாலும் அந்த வசனத்தை நான் பலமுறை கடன் வாங்கியிருக்கிறேன்.

ஆகவே பெற்றோரே, மகன் தன்னையே இழித்துப் பேசுவதைப் பணிவென்று மெச்சாதீர்கள். தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். “நீ தங்கமான பிள்ளை” என்று புகழ்மாலை சூட்டுவதாலும் பயனில்லை. அவர் அதை நம்பமாட்டார். சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இதை எத்தனை முறைதான் சொல்வது! ஆம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனாஸின் எண் 14416 இரவிலும் இயங்கும்.

அதே அத்தியாயத்தின் முடிவில், தன் மகள் என்று அப்போது போஜாக் நம்பும் பதின்வயதுப் பெண் ஹாலிஹாக், தனக்குள்ளும் அப்படியொரு குரல் கேட்பதாகவும் வயதானால் அது போய்விடும்தானே என்றும் கேட்கிறாள். போய்விடும் என்கிறான் அவன். அன்பினால் சொன்ன பொய். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டால், தயவுசெய்து அந்தப் பதிலைச் சொல்லாதீர்கள். எப்போதிலிருந்து கேட்கிறது, என்ன சொல்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.